படிக்கு உள்ளே பெண்கள் வேலை

சனிக்கிழமை சாயங்காலம் காளியம்மை தன் அப்பாவிடம் ஒரு சேதியைச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

சேதி இதுதான். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அவள் வேலை பார்க்கிற, சுக்கைச் சுத்தம் செய்து அடுக்குகிற கிட்டங்கிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு யந்திரம் வருகிறது. திங்கட்கிழமை விடிகிற நேரத்துக்கு, ரோட்டு வழியாக அல்ல, காயல் வழியாக, வள்ளத்தில் வருகிறது. பின்வாசல் படித்துறையான கடவில் இறக்கி, பஜார் யூனியன்காரர்கள் கண்ணில் படாமல் உள்ளே வைத்துவிட ஏற்பாடு. இறக்குவதற்கு, காயலுக்கு அக்கரை வைப்பின் தீவிலிருந்து ஆட்கள்.

இதை அவள் ஒளிந்து நின்று கேட்கவில்லை. மானேஜர் ராமபத்ரன் டெலிபோனில் பேசினால் கிட்டங்கியின் கடைசி மூலை வரைக்கும் கேட்கும். பக்கத்து எறணாகுளத்துக்குப் பேசினாலும் சரி, முதலாளி இருக்கிற பம்பாய்க்குப் பேசினாலும் சரி, ஒரே தொண்டைதான். ரகசியம் பேசும்போது இன்னும் கொஞ்சம் கத்துவார். ஆனால் சனிக்கிழமை அந்தக் குரல் எழும்பியபோது மற்றப் பெண்கள் எல்லாம் கடவுப் பக்கம் கைகால் கழுவப் போயிருந்தார்கள். காளியம்மை மட்டும் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமாமாம், பெரிய பீப்பா மாதிரியாக்கும். உள்ளே சுக்கைக் கொட்டிச் சுத்த விட்டா தோலும் தூசியும் தானே உதிர்ந்துடும். பாதிப் பொம்மனாட்டிகள் போறும் பின்னே!"

பாதிப் பெண்கள் போதும். மீதிப் பாதி? போன சீசனில்தான் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பத்தாம் கிளாஸில் தோற்று, வீட்டில் எல்லோருக்கும் கால் இடறுகிற பொருளாகக் கிடந்தவளுக்கு இந்தக் கிட்டங்கியில்தான் ஓர் இடம் கிடைத்தது. சாக்கை விரித்து அவள் உட்காருகிற அந்தத் துண்டுத் தரை, ஜன்னல் பக்கம், காயல் காற்று வருகிற இடம். நிறுத்துவதென்றால் கடைசியாக வந்தவளைத்தானே முதலில் நிறுத்துவார்கள்?

அப்பா ராமர் பஜாரில் மூட்டை சுமக்கிற சுமட்டுத் தொழிலாளி. லாரிகளுக்கு முன்னால் செங்கொடியைப் பிடித்துக்கொண்டு அவரும் அவர் கூட்டமும் நின்றதைக் காளியம்மை பார்த்திருக்கிறாள். யூனியன் என்றால் தடுப்பது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதனால் சொன்னாள்.

ராமர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். "வைப்பின்காரனா? எங்க கடவிலயா?" என்றார். முகம் சிவந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஹம்சாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். ஹம்சா அவர்கள் கூட்டத்துக்கு லீடர்.

அப்புறம்தான் பயம் வந்து உட்கார்ந்தது. யார் சொன்னது என்று மானேஜர் கண்டுபிடித்தால்? யந்திரம் வருவதற்கு முன்பே அவளுக்கு வேலை போய்விடுமே!

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு அவளும் போனாள். பேச்சியம்மாள் கார்ப்பரேஷனில் தூப்புக்காரி. யூதர் தெருவான ஜூ டவுன் அவளுடைய பங்கு. கடைகள் திறக்கவில்லை. மிளகும் ஏலமும் பூட்டிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து மணத்துக்கொண்டிருந்தன. அம்மா பெருக்கிக் குவிக்க, காளியம்மை கைவண்டியைத் தள்ளினாள். இரண்டு வீடு தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அம்மா, நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னைய அடிச்சு வெரட்டிருவாங்களா?"

"ஒன்ன அடிக்கதுக்கு எவனுக்குட்டி கை இருக்கு?" பேச்சியம்மாள் விளக்குமாற்றின் அடியைத் தரையில் குத்தி இறுக்கினாள். "ஆனா ஒண்ணு. ஒங்கப்பன்கிட்ட ஏன் போய்ச் சொன்ன?"

"யூனியன் தடுக்கும்லா?"

பேச்சியம்மாள் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "அட கோட்டிக்காரி. அவங்க தடுக்கது வேற ஆளு எறக்குறதத்தான். சாமானத் தடுக்க மாட்டாங்க. யானைய எறக்கணும்னாலும் 'எங்க அவகாசம், எங்க உரிமை'னுட்டு தோளக் குடுப்பான் ஒங்கப்பன்."

காளியம்மை வண்டியை விட்டுவிட்டாள். அது சாய்ந்து, குவித்த குப்பையில் பாதி மறுபடியும் தெருவில் கொட்டியது.

"அப்போ நானே மெசினக் கொண்டாந்து விட்டுட்டேனாம்மா?"

"அது எப்படியும் வரும். நீ பயந்து சாவாத. குப்பைய அள்ளு."

அம்மாவுக்குச் சொல்வது சுலபம். அம்மாவுக்குக் கார்ப்பரேஷன் வேலை. மழை பெய்தாலும் சம்பளம் உண்டு, பிரசவத்துக்கு லீவு உண்டு, கிழவியானால் பென்ஷன் உண்டு. கிட்டங்கிப் பெண்களுக்கு வெயில் இருந்தால் கூலி, சரக்கு இருந்தால் கூலி. அன்றைக்கு முழுக்கக் காளியம்மைக்குக் கஞ்சி இறங்கவில்லை.

திங்கட்கிழமை அவள் மற்றவர்களுக்கு முன்பே கிட்டங்கிக்குப் போனாள். முன்வாசல் பக்கம் புதுச் சரக்கு உத்தரம் முட்ட அடுக்கியிருந்தது. சந்து மாதிரி இருந்த வழியில் புகுந்து பின்பக்கம் வந்தால், மாயம்மாள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். கிட்டங்கியிலேயே பழைய ஆள். சுக்கில் பூசுகிற சுண்ணாம்புத் தூசியைத் தின்று தின்று அவளுக்குக் குரல் ஆண்பிள்ளைக் குரலாகியிருந்தது. ஆனால் அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் பேசாத பேச்சு கிடையாது.

"என்னட்டி, நீயும் பொண்ணு பாக்க வந்தியா?" என்றாள்.

"என்ன பொண்ணு?"

"அங்க பாரு, வள்ளத்துல. சாக்கச் சுத்திக்கிட்டு, வெக்கப்பட்டுக்கிட்டு."

வள்ளம் கடவை ஒட்டி நின்றது. அதற்கு நடுவில் சாக்கு சுற்றிய ஒரு பெரிய உருண்டை. வள்ளத்தில் வைப்பின் ஆட்கள், கரையில் கயிற்றோடு ஹம்சாவின் கூட்டம். நடுவில் ராமபத்ரன், வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி.

"என்ன சாமி, எங்களை மறந்நு போயோ?" ஹம்சா பணிவாகத்தான் கேட்டார். பெரிய மீசை, சின்னக் குரல். "கல்யாணத்துக்கு விளிக்கலேன்னாலும் நாங்க வந்நு."

"ஹம்சா, இது நுணுக்கமான சாதனமாக்கும். கீழே போட்டா போச்சு. அதான் பழக்கமுள்ள ஆளா..."

"நாங்க இந்தக் கடவுல எறக்காத சாதனம் உண்டோ? எங்க வாப்பா பியானோ எறக்கியிருக்கு."

"இது யார் சொல்லி உங்களுக்குத் தெரிஞ்சது? அது முதல்லே பறயுங்கோ."

காளியம்மை மாயம்மாளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அப்பா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கயிற்றின் முடிச்சையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கா சொல்லி," என்றார் ஹம்சா. "காயல்ல ஒரு காக்கா வந்து, ராமர் தலையில இருந்நு சொல்லி."

கூட்டம் சிரித்தது. வைப்பின் ஆட்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும் தங்கள் ஊர்க் கடவில் யூனியன் உண்டு, நியாயம் தெரியும். கொஞ்ச நேரம் இழுபறி நடந்தது. ராமபத்ரன் நேரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில், "சரி, நீங்களே எறக்குங்கோ. ஜாக்கிரதை," என்றார்.

இறக்கினார்கள். பலகை போட்டு, கயிறு கட்டி, ஒரே மூச்சாக. முன்னால் ராமர். அவருடைய கழுத்து நரம்பு புடைத்து, கால் விரல்கள் கடவின் பாசிக்கல்லை நண்டு மாதிரி பற்றிக்கொண்டன. காளியம்மை பார்த்துக்கொண்டே நின்றாள். தன்னை வெளியே தள்ளப்போகிற சாமானைத் தன் அப்பாவே தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். சேதியைச் சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போல இருந்தது.

பின்வாசல் படி வந்தது. அகலமான ஒற்றைக் கருங்கல். ஹம்சா, "ஓ... மதி, போதும்!" என்றார். கூட்டம் முதுகை வளைத்தது. யந்திரம் படியின் மேல் உட்கார்ந்தது.

வாசல் அடைபட்டுவிட்டது. பக்கவாட்டில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். அவ்வளவுதான் இடம்.

ஆட்கள் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றார்கள்.

"இங்கே ஏன் வெச்சேள்? உள்ளே, உள்ளே!" என்றார் ராமபத்ரன்.

ஹம்சா அவரைப் புரியாமல் பார்த்தார். நிஜமாகவே புரியவில்லை. "உள்ளே நம்ம பணி இல்லல்லோ சாமி."

அந்தக் கிட்டங்கியின் வழக்கம் அது. போன வருஷம் விஷு சமயத்தில் சுமட்டுக்கூலி பேசியபோது ராமபத்ரனே வாதாடி வாங்கிய வழக்கம். வெளியிலிருந்து படி வரைக்கும் ஆண்கள். அதற்குத்தான் கூலி. படியிலிருந்து உள்ளே இழுத்துப் போடுவது பெண்கள். அவர்கள் எப்படியும் உள்ளேதானே உட்கார்ந்திருக்கிறார்கள், அதற்கென்று தனிக்கூலி எதற்கு என்று ராமபத்ரன் சொன்னார். முதலாளிக்கு அதில் நல்ல லாபம். அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையையும் பெண்கள்தான் படியிலிருந்து கொக்கி போட்டு இழுத்தார்கள், சும்மா. ஹம்சாவின் கூட்டம் படியைத் தாண்டிக் கால் வைப்பதில்லை. பழக்க தோஷத்தில் யந்திரத்தையும் அங்கேயே வைத்துவிட்டது.

"அது மூட்டைக்குச் சொன்னதாக்கும். இது மெஷினல்லவா?"

"சாதனம் சாதனமல்லே சாமி?"

ராமபத்ரன் நெற்றியைத் தேய்த்தார். "சரி. கூட ஒரு தொகை தரேன். உள்ளே கொண்டு வெச்சுடுங்கோ."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வலிய வருகிற காசு. ஹம்சா மீசையைத் தடவிக்கொண்டு ஆட்களைப் பார்த்தார். இரண்டு பேர் ஏற்கெனவே கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் ராமர் நிமிர்ந்து உள்ளே பார்த்தார். யந்திரத்துக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த சந்தில் மகளுடைய முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ராமர் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார். கடவுப் படிக்கட்டில் இறங்கி உட்கார்ந்தார்.

"எந்தாடா ராமரே?"

"நான் வரல ஹம்சா இக்கா."

"இடுப்பு வலியோ?"

"இடுப்பு நல்லாத்தான் இருக்கு. படிக்கு உள்ள எம் மக வேலை. எம் மக வேலைல நான் கை வைக்க மாட்டேன்."

காயலில் ஒரு போட் ஊதிக்கொண்டு போனது. ஹம்சா காளியம்மையைப் பார்த்தார், ராமரைப் பார்த்தார். அப்புறம் கயிற்றைப் பிடித்திருந்தவர்களிடம் கையை அசைத்தார்.

"ராமர் இல்லாம முன்பக்கம் யாரு பிடிக்கும்? வேண்டாம், விடு." பின்பு ராமபத்ரனிடம், "சாமி தப்பா நினைக்க வேண்டாம். பேசினது பேசினதல்லே? படி வரை எங்க கூலி தந்நால் நாங்க சாயா குடிக்கப் போகும்," என்றார்.

அப்பா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனார். காளியம்மைக்கு அவரைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. கூப்பிட்டால் அழுதுவிடுவாள் என்று தெரிந்ததால் கூப்பிடவில்லை.

இதற்குள் மற்றப் பெண்களும் வந்துவிட்டார்கள். ராமபத்ரன் சந்து வழியாக ஒருக்களித்து உள்ளே நுழைந்தார். வேட்டியில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

"வாங்கோடிம்மா, எல்லாருமாச் சேர்ந்து ஒரு பிடி பிடிங்கோ. கீழே உருளைக்கட்டை போட்டுத் தரச் சொல்றேன்."

பெண்கள் மாயம்மாளைப் பார்த்தார்கள். மாயம்மாள் தன் சாக்கை விரித்தாள். சாவகாசமாக உட்கார்ந்தாள். ஒரு கை சுக்கை அள்ளிப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"மாயம்மா, உன்னைத்தான் சொல்றேன்."

"கேக்குது சாமி. எங்கள வெளிய தள்ளுத மெசின எங்களையே இழுத்துப் போடச் சொல்லுதீக. பாடைய நாமளே கெட்டிக்கிட்டு நாமளே ஏறிப் படுக்கணுமாக்கும்?"

"யாரு தள்ளறா? யாரு அப்படிச் சொன்னா?"

"நீங்கதான் போன்ல சொன்னீக. கடவு வரைக்கும் கேட்டுச்சு."

அப்படியென்றால் மாயம்மாளுக்கும் தெரிந்திருக்கிறது. காளியம்மை தரையைப் பார்த்தாள். ராமபத்ரனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தன் தொண்டையை அவரே முதன்முதலாகச் சந்தேகப்படுகிறார் போலிருந்தது.

"நாங்க சமரம், ஸ்டிரைக்கு ஒண்ணும் பண்ணல சாமி," மாயம்மாள் தொடர்ந்தாள். "கொடி இல்ல, கோஷம் இல்ல. இந்தா, வேலை நடக்கு. ஆம்பளைக வெளிய இழுத்தா கூலி. நாங்க உள்ள இழுத்தா அது உபகாரம். உபகாரம் பண்ண இன்னைக்கு எங்களுக்குச் சௌகரியப்படல. அம்புட்டுதான்."

பெண்கள் எல்லோரும் அவரவர் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். புடைக்கிற சத்தம், தேய்க்கிற சத்தம், இருமல். எல்லாம் வழக்கம்போல. படியில் யந்திரம் மட்டும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

சிக்கல் மத்தியானம்தான் ராமபத்ரனுக்கு முழுசாக உறைத்தது. கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு எல்லாம் பின்கட்டில் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை கப்பல். மூட்டைகள் பின்வாசல் வழியாகத்தான் வள்ளம் ஏறவேண்டும். பின்வாசலில் யந்திரம். மூட்டைகளை முன்பக்கமாகக் கொண்டுபோகலாம் என்றால், புதுச் சரக்கு அத்தனையையும் முதலில் வெளியே எடுக்க வேண்டும். அதை இழுப்பதும் பெண்கள் வேலை. போதாக்குறைக்குத் தெற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. மாசி வெயில் காய்கிற கும்ப மாசத்தில் மழை பெய்வது அபூர்வம். ஆனால் அன்றைக்கு வானம் மனசு மாறிவிட்ட மாதிரி இருந்தது. ராமபத்ரன் தன் குடையை விரித்து யந்திரத்தின் மேல் வைத்தார். குடை சின்னது, யந்திரத்தின் தலையை மட்டும் மறைத்தது. பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"சிரிக்காதேங்கோடிம்மா," என்றார் அவர், பாவமாக. "பம்பாய்க்கு நான் என்ன பதில் சொல்றதாக்கும்? மெஷின் வந்துடுத்து, வாசல்லே குடை பிடிச்சுண்டு நிக்கறதுன்னா?"

அவர் கெட்டவர் இல்லை. யாராவது பெண்ணுக்கு ஜுரம் என்றால் வீட்டுக்கு அனுப்புவார், கூலியைப் பிடிக்கமாட்டார். ஆனால் பம்பாய் என்ற வார்த்தை வந்தால் அவருக்கும் பயம்தான். அதைக் காளியம்மை அன்றைக்குத்தான் கவனித்தாள். தன் பயத்தை இன்னொருவர் முகத்தில் பார்க்கிற மாதிரி இருந்தது.

ராமபத்ரன் ஒரு சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "நல்லதுக்குத்தானே இந்த மெஷின்? மாயம்மா, உன் இருமலை நீயே கேட்டுப் பாரு. தோலைத் தேய்க்கறதும் தூசியைச் சலிக்கறதும் அது பண்ணிடும். உங்க நெஞ்சுக்கு நல்லது. நேரமும் எவ்வளவு மிச்சம்!"

"அந்த மிச்சம் யாருக்கு சாமி?"

கேட்டது தான்தான் என்று காளியம்மைக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். காது இரண்டும் சுட்டன. கேட்டது கேட்டாகிவிட்டது, இனி வாயை மூடினாலும் ஒன்றுதான்.

"என்ன கேட்டே?"

"இல்ல சாமி... எங்க தெருவுல மின்ன பைப்பு கெடையாது. அம்மா பேலஸ் ரோடு வரைக்கும் போய்த் தண்ணி சுமப்பா. பெறகு தெருவுலயே பைப்பு போட்டாங்க. அம்மாவுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாச்சு. அந்த ஒரு மணி நேரம் அவ படுத்துத் தூங்குனா." மூச்சு வாங்கியது. "பைப்பு வந்துட்டு, இனி நீ வீட்டுல வேண்டாம், போன்னு அம்மாவ யாரும் சொல்லல. மிச்சமான நேரம் சுமந்தவளுக்குத்தான் வந்துச்சு. இங்க மட்டும் மிச்சமான நேரம் ஏன் பம்பாய்க்குப் போகுது?"

மாயம்மாள் கையிலிருந்த சுக்கைக் கீழே வைத்தாள். "என் தங்கமே!" என்றாள். அப்புறம் பெரிதாக இருமினாள்.

ராமபத்ரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மெஷின் பைசா கொடுத்து வாங்கினதாக்கும் குழந்தே. பைப்பு கவர்மெண்ட் போட்டது."

"மெசின் வாங்குன பைசா எந்தச் சுக்குல வந்தது சாமி?" இது மாயம்மாள். "நாங்க தேய்ச்ச சுக்குலதானே?"

அப்புறம் பேச்சு எல்லோர் வாயிலிருந்தும் வந்தது. ஒருத்திக்கு அந்தியில் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகவேண்டும். ஒருத்தியால் ரேஷன் கடை மூடுவதற்குள் போகமுடிந்ததே இல்லை. மெசின் வரட்டும், தூசியை அது தின்னட்டும், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் ஒருத்தியையும் நிறுத்தக்கூடாது. தினம் ஒரு மணி நேரம் முந்தி விடவேண்டும், கூலி குறையாமல். உள்ளே இழுக்கிற மூட்டைக்கும் கூலி. அதைச் சொன்னவள் மாயம்மாள். சொல்லிவிட்டு, "இன்னைக்கு வரைக்கும் இழுத்தது ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மொய்யா இருக்கட்டும்," என்றாள்.

ராமபத்ரன் பம்பாய்க்கு ட்ரங்க் கால் பதிவு செய்தார். லைன் கிடைக்கவில்லை. சாயங்காலமும் கிடைக்கவில்லை. நல்லவேளை, மேகம் நாலு துளி போட்டுவிட்டுக் கலைந்தது. யந்திரம் ராத்திரி முழுக்கப் படியிலேயே இருந்தது, தார்ப்பாய் போர்த்தி, பக்கத்தில் வாட்ச்மேனை உட்காரவைத்து.

வீட்டில் ராமர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அமைதியாகச் சாப்பிட்டார். காளியம்மை குழம்பு ஊற்றினாள்.

"எப்பா, ஹம்சா இக்காவுக்கு ஒங்க மேல கோவமா?"

"அவருக்கு என்ன கோவம்? வந்த காசு போச்சுன்னு நாலு பேரு மொனங்குதான். மொனங்கட்டும்." ஒரு கவளத்தை உருட்டினார். "ஏட்டி, நாங்க சுமக்கலேன்னா வைப்பின்காரன் சுமந்திருப்பான். அதனாலதான் சுமந்தேன். தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"தெரிஞ்சா சரி. மோர் இருக்கா?"

பேச்சியம்மாள் மூலையிலிருந்து, "யானையக் கடவுலயே எறக்கி வச்சிட்டு வந்த மனுசனுக்கு மோர் இல்லாமலா?" என்றாள். ராமர் முறைத்தார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் முற்பகலில் லைன் கிடைத்தது. டெலிபோனைச் சுற்றி ஒருத்தியும் நிற்கவில்லை. நிற்கத் தேவையில்லை. ராமபத்ரனுடைய பாதி சம்பாஷணை எல்லோருக்கும் கேட்டது. "ஆமா, வாசல்லேதான்... இல்லே, சமரம் இல்லே... வேலை பண்றா... ஆமா, கப்பல் வெள்ளிக்கிழமை... நான் சொல்றது, ஒரு மணி நேரம்தானே?... தூசி இல்லேன்னா ஜுரம், லீவு எல்லாம் குறையும்னு வெச்சுக்கோங்கோ..." காளியம்மையின் விரல்கள் ஒரே சுக்கைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தன. பிறகு அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். "சரி. சரி. நான் பார்த்துக்கறேன்." ரிஸீவர் வைக்கிற சத்தம்.

அவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருத்தரையும் நிறுத்தறதில்லே. ஒரு மணி நேரம் முந்திப் போகலாம், கூலி அதேதான். இழுக்கற கூலி, ஆம்பளைகள் கூலியிலே பாதி. அதுக்கு மேலே என்னால முடியலை."

"பாதி ஏன் சாமி? எங்க கையி பாதியா இருக்கா?"

"மாயம்மா, இன்னிக்கு இது போறும். விஷு வரட்டும், மீதிக்குச் சண்டை போடலாம். எனக்கும் மூச்சு விட நேரம் வேணும்."

"அடுத்த சீசனுக்கும் நாங்கதானே?"

"நீங்கதான். நான் இருப்பேனான்னு தெரியாது."

பெண்கள் எழுந்தார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உருளைக்கட்டை போட்டார்கள், கயிறு மாட்டினார்கள். காளியம்மை முன்வரிசையில் நின்றாள். மாயம்மாள் ஓங்கிக் குரல் கொடுக்க, எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். ஓர் இழுப்பு, இன்னோர் இழுப்பு. யந்திரம் முனகிக்கொண்டு படியை விட்டு உள்ளே நகர்ந்தது. வாசல் திறந்தது. அடைபட்டிருந்த காயல் வெளிச்சம் மொத்தமும் ஒரே சமயத்தில் உள்ளே வந்து விழுந்தது. கடவில் மூட்டை ஏற்றக் காத்திருந்த ஹம்சாவின் கூட்டம் கைதட்டியது. "கொள்ளாம், பலே! நாளைமுதல் எங்க யூனியன்ல சேருங்கோ!" என்று யாரோ கத்தினார்கள்.

"நீங்க வந்து எங்க யூனியன்ல சேருங்க!" என்றாள் மாயம்மாள்.

அந்த வாரக் கடைசியில் யந்திரம் ஓட ஆரம்பித்தது. மகா சத்தம். ஆனால் தூசி பீப்பாய்க்குள்ளேயே சுழன்றது. பெண்கள் பொறுக்குவது, தரம் பிரிப்பது, மூட்டை தைப்பது என்று உட்கார்ந்தார்கள். சொன்னபடி ஒரு மணி நேரம் முந்தியே ராமபத்ரன் மணியடித்தார். எல்லோரும் பஜார் ரோட்டுக்கு வந்து நின்றார்கள். நிழல் இன்னும் நீளவில்லை. கடைகள் திறந்திருந்தன. இந்த நேரத்துத் தெரு எப்படி இருக்கும் என்று அவர்களில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது. குழந்தைக்காரி ஓடினாள். ரேஷன்காரி பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள் கையில் ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கட்டி போறது?" என்றாள் மாயம்மாள்.

"சாயாக் கடைக்குப் போவமா அக்கா?" காளியம்மைதான் சொன்னாள்.

பஜார் சாயாக் கடையில் பெண்கள் உட்கார்ந்து சாயா குடித்ததில்லை. தூக்கு வாளியில் வாங்கிக்கொண்டு போவதுதான். இப்போது அவர்கள் வரிசையாக உள்ளே நுழைந்தபோது பெஞ்சில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைக்காரர் சாயாவை ஆற்றிக்கொண்டே இருந்தார், ஆற்றுவதை நிறுத்த மறந்து. காளியம்மைக்கு மறுபடியும் காது சுட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மூலைப் பெஞ்சில் ராமர் உட்கார்ந்திருந்தார். அவர் மகளைப் பார்த்தார். தன் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். பக்கத்தில் இருந்தவரையும் முழங்கையால் இடித்து நகர்த்தினார்.

மாயம்மாள் முதலில் உட்கார்ந்தாள். "எல்லாருக்கும் சாயா போடு சேட்டா. நல்ல கடுப்பமா, டிக்காஷன் கூட்டி. பழம்பொரி இருந்தா அதுவும்."

காளியம்மை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடி கிளாஸ் சுட்டது. கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அவசரமாகக் குடிக்கவேண்டியதில்லை, நேரம் இருந்தது.